ட்ரோன் கமராவில் எது நல்லது? கலியாணவீட்டுக்கும் டவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது

கேள்வி கேட்ட தம்பி கிளிநொச்சியில் மினி 4 ப்ரோ என்ற சின்ன ட்ரோனை வைத்துக் கலியாணவீடும் கோவில் திருவிழாவும் எடுக்கிறவர். இப்போது ஒரு நிறுவனம் தொலைபேசி டவர்களையும் அரிசி ஆலைக் கூரைகளில் பூட்டிய சோலார் தகடுகளையும் மேலிருந்து பரிசோதித்துத் தருவீரா என்று கேட்டிருக்கிறதாம். 100 மெகாபிக்சல் இருக்கிற மாவிக் 4 ப்ரோவை வாங்கவா, வெப்பக் கமராவும் உள்ள பாவித்த மாவிக் 3 தேர்மல் ஒன்றை வாங்கவா, இரண்டில் எதன் கமரா நல்லது என்று கேட்கிறார்.

தம்பி, நானும் வீடியோவில் தொடங்கிப் பரிசோதனைக்குப் போனவன், அதனால் நான் பட்ட அடியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த முதல் டவர் வேலைக்கு 20 மெகாபிக்சல், 4/3 அங்குல சென்சர் உள்ள கமராவைக் கொண்டு போனேன். டவருக்கு 25 மீற்றர் தள்ளி நின்று சுற்றிச் சுற்றி எடுத்தேன். படங்கள் பளிச்சென்று இருந்தன, பின்னணியில் வயலும் பனையும், எனக்கே பெருமை. பொறியியலாளர் கணினியில் பெருப்பித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த நட்டு இறுகி இருக்கா, கழன்று இருக்கா? என்னால் சொல்ல முடியவில்லை. திரும்பவும் 70 கிலோமீற்றர் போய், சொந்தச் செலவில் முழு வேலையையும் மறுபடி செய்தேன்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்தக் கமராவின் அகல லென்ஸ், 24 மில்லிமீற்றர் என்று சொல்வார்களே அது, 10 மீற்றர் தூரத்தில் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 2.7 மில்லிமீற்றரைப் பிடிக்கும். 25 மீற்றரில் அது கிட்டத்தட்ட 6.8 மில்லிமீற்றர். 20 மில்லிமீற்றர் போல்ட்டின் நட்டு 30 மில்லிமீற்றர் அகலம், ஆகவே என் படத்தில் அந்த நட்டுக்குக் கிடைத்தது நாலு பிக்சல்தான். நாலு பிக்சலில் நட்டு இருக்கிறதா என்று வேண்டுமானால் ஊகிக்கலாம், இறுகி இருக்கிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. அதே இடத்தில் தூரத்தில் உள்ளதைக் கிட்ட இழுத்துக் காட்டும் 162 மில்லிமீற்றர் டெலி லென்ஸ், வெறும் 12 மெகாபிக்சல் உள்ளது, ஒரு பிக்சலுக்கு 1.3 மில்லிமீற்றர் அளவில் பிடித்து நட்டுக்கு 22 பிக்சல் கொடுத்திருக்கும். மெகாபிக்சல் குறைந்த கமரா வென்றிருக்கும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னால் அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டியது இதைத்தான்: நீங்கள் பார்க்க வேண்டிய மிகச் சின்னப் பொருள் எது, அது எத்தனை மில்லிமீற்றர், அதற்கு எவ்வளவு கிட்டப் போகலாம்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் கமரா தானாகத் தெரிவாகிவிடும். கணக்கும் கஷ்டமில்லை. 4/3 சென்சர் அகல லென்ஸுக்கு 10 மீற்றரில் 2.7 மில்லிமீற்றர், மாவிக் 3 தேர்மல், மாவிக் 3 எண்டர்பிரைஸ் இரண்டின் 162 டெலிக்கும் 10 மீற்றரில் அரை மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் கூட. தூரம் இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். அதாவது டெலியோடு 50 மீற்றரில் நின்று எடுப்பதும் அகல லென்ஸோடு 10 மீற்றரில் நின்று எடுப்பதும் விபரத்தில் சமம். டவரில் அன்டெனாக்கள் வேலை செய்துகொண்டிருக்கும், ட்ரோனின் திசைகாட்டி குழம்பும், இழுவைக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் 40 மீற்றர் விலகி நிற்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை ஒரு நாள் பறக்கவிட்டால் உணர்வீர்கள்.

கொங்கிரீட்டில் வெடிப்புப் பார்ப்பது இதைவிடக் கடினம். கட்டுமானக் கோவைகளில் 0.3 மில்லிமீற்றர் வெடிப்பைத்தான் பெரும்பாலும் எல்லையாக வைக்கிறார்கள். 162 டெலியோடு 5 மீற்றருக்குப் போனால்தான் ஒரு பிக்சல் அந்த அளவுக்கு வரும். ஒரு பிக்சல் என்பது ‘ஏதோ கோடு தெரிகிறது’ என்ற நிலைதான், அகலத்தை அளக்க இரண்டு மூன்று பிக்சலாவது வேண்டும். எனவே குளத்தின் வான்கதவுத் தூணில் தலைமயிர் வெடிப்புகளை எல்லாம் பிடித்துத் தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். உப்புப் பூத்த வெள்ளைக் கறை, துருவின் செங்கறை, கொங்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிவது, துருசுக் (மதகு) கட்டில் வேர் புகுந்த இடம், இவைதான் ட்ரோனால் நன்றாகப் பிடிபடுபவை. அதற்கு மேல் ஆள் ஏறித்தான் பார்க்க வேண்டும் என்று அறிக்கையில் நேராக எழுதுங்கள்.

சரி, 100 மெகாபிக்சலுக்கு வருவோம். மாவிக் 4 ப்ரோவின் பிரதான கமரா 4/3 சென்சரில் 100 மெகாபிக்சல், ஒளி போகும் துவாரம் எஃப் 2 இலிருந்து 11 வரை மாறும் (எண் குறையக் குறைய ஒளி கூடப் போகும்). மாவிக் 3 ப்ரோவில் அதே அளவு சென்சரில் 20 மெகாபிக்சல், எஃப் 2.8 முதல் 11 வரை. சென்சர் பெருக்கவில்லை, அதே காணியை அஞ்சு துண்டாக வெட்டியிருக்கிறார்கள். நாலு நாலு பிக்சலை ஒரே நிறத்துக்குச் சேர்த்து வைக்கும் இந்த வகைச் சென்சர்களில் நல்ல வெயிலில் உண்மையாகவே விபரம் கூடும், மங்கலில் அந்த எண்ணிக்கையால் பெரிய பலன் இல்லை. உங்கள் மினி 4 ப்ரோவின் 48 மெகாபிக்சலும் இதே கதைதான், மாலை ஆறு மணிக்கு அது 12 மெகாபிக்சல் கமரா என்று நினைத்து வேலை செய்யுங்கள்.

ஆனால் மாவிக் 4 ப்ரோவில் எனக்குப் பிடித்தது அந்த 100 கூட இல்லை, அதன் 168 மில்லிமீற்றர் டெலி. 50 மெகாபிக்சல், 1/1.5 அங்குல சென்சர், எஃப் 2.8. மாவிக் 3 தேர்மலின் டெலி 12 மெகாபிக்சல், 1/2 அங்குலம், எஃப் 4.4. டவரின் நட்டு, போல்ட், கேபிள் பிடிகள் ஆகியவற்றைக் கண்ணால் பார்க்கிற வேலைக்கு மட்டும் என்றால், ‘எண்டர்பிரைஸ்’ என்று பெயர் போட்ட பழையதைவிட இந்த வீடியோக்காரர் ட்ரோன் நல்ல படம் தரும். அதோடு கமராவை 70 பாகை மேல்நோக்கித் திருப்பலாம். டவர் மேடைகளின் அடிப்பக்கம், பாலத்தின் கீழ்ப்பக்கம் பார்க்க இது பெரிய உதவி.

சூம் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவிக் 3 தேர்மலுக்கு 56 மடங்கு சூம் என்று விளம்பரத்தில் இருக்கும். அதில் லென்ஸின் உண்மையான உதவி 7 மடங்கு, மிச்சம் 8 மடங்கு படத்தை வெட்டிப் பெருப்பிப்பது. பெருப்பித்ததில் புது விபரம் எதுவும் வராது, கணினியில் நீங்களே செய்யலாம்.

இனிச் சோலார். இங்கேதான் மாவிக் 4 ப்ரோ கையை விரிக்கும், அதில் வெப்பக் கமரா இல்லை. தகட்டின் ஒரு செல் சூடாகிக் கொண்டிருப்பதை எந்த மெகாபிக்சலாலும் காட்ட முடியாது. மாவிக் 3 தேர்மலில் 640×512 வெப்பச் சென்சர் இருக்கிறது. எண் சின்னதாகத் தெரியும், ஆனால் வெப்பக் கமராக்களில் அது நல்ல அளவு. 10 மீற்றரில் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 1.4 சென்ரிமீற்றர் பிடிக்கும். சோலார் வெப்பப் படத்துக்கான சர்வதேச விதி, ஐ.இ.சி. 62446-3, ஒரு செல்லுக்கு 5×5 பிக்சலாவது வேண்டும் என்கிறது. 15.6 சென்ரிமீற்றர் செல் என்றால் பிக்சலுக்கு 3 சென்ரிமீற்றர், ஆகவே தகட்டிலிருந்து 20 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. முழு ஆலைக் கூரையும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும் என்று 60 மீற்றரில் நின்று எடுத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கலர் கலராக அழகாக இருக்கும், செல் பழுது ஒன்றும் அதில் தெரியாது.

அதே விதி, தகட்டில் சதுர மீற்றருக்கு 600 வாட் வெயிலாவது விழ வேண்டும் என்றும் சொல்கிறது. வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் இரண்டு வரை தாராளமாகக் கிடைக்கும். ஆனால் எங்கள் ஊரில் வேறொரு தொல்லை. நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறபடியால் சித்திரையிலும் ஆவணி நடுப்பகுதியை ஒட்டியும் நடுப்பகல் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். கூரைச் சரிவும் குறைவு. தகட்டுக்கு நேர் மேலே ட்ரோனை நிறுத்தினால் சூரியனின் பிரதிபலிப்பு வெப்பப் படத்தில் சூடான புள்ளியாக வரும். நான் ஒரு தடவை அதைப் பழுது என்று குறித்து வைத்திருக்கிறேன், நல்ல வேளையாகக் கொடுக்கும் முன்னால் பிடிபட்டது. கமராவைக் கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள், சந்தேகமான புள்ளியை இன்னொரு கோணத்தில் பாருங்கள். ட்ரோன் நகரும்போது புள்ளியும் நகர்ந்தால் அது பிரதிபலிப்பு, அதே செல்லில் நின்றால் பழுது.

இன்னொன்று, இது மிக முக்கியம்: வெப்பப் படத்தை வெப்பநிலைத் தரவோடு சேமிக்கும் ஃபோட்டோவாகவே எடுக்க வேண்டும். திரையைப் படம் பிடித்ததோ வீடியோவில் வெட்டி எடுத்ததோ வெறும் நிறம்தான், பிறகு அதில் எந்தப் புள்ளிக்கும் பாகை அளக்க முடியாது. மினுங்கும் அலுமினியத்தையும் புதுத் தகரத்தையும் வெப்பக் கமரா தவறாகத்தான் வாசிக்கும், அது வானத்தின் குளிரைத் திருப்பிக் காட்டும். மின்கம்பி இணைப்புகள் பார்க்கப் போனால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு எழுதுங்கள், பாகை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அதுவும் கம்பியில் சுமை ஓடுகிற நேரத்தில் பார்த்தால்தான் பழுதான இணைப்பு சூடாகும்.

வீடியோவுக்கு வந்தால் அளவுகோலே மாறிவிடும். மாவிக் 3 தேர்மலின் அகல கமரா 1/2 அங்குலம், 4கே வீடியோ வினாடிக்கு 30 சட்டம். அதைக் கலியாணவீட்டுக்குக் கொண்டுபோனால் உங்கள் மினியே அதைவிட நல்ல வீடியோ தரும், உண்மையாகச் சொல்கிறேன். வீடியோவில் நான் பார்ப்பது மூன்று: பிறகு நிறத்தைத் திருத்த இடம் விடும் 10 பிட் லொக் பதிவு இருக்கிறதா, எவ்வளவு தரவு எழுதுகிறது, துவாரம் மாறுமா.

தரவு வேகம் ஏன் என்று மற்ற ஊர்க்காரருக்கு விளங்காமல் போகலாம், வன்னிக்காரருக்கு ஒரே உதாரணம் போதும். தை மாதம் இரணைமடுவுக்குக் கீழே பச்சை வயல், காற்று அடிக்கிறது, சட்டம் முழுக்க ஆயிரம் ஆயிரமாய் நெற்தாள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் ஆடுகின்றன. வீடியோவைச் சுருக்கும் முறை, முந்திய சட்டத்திலிருந்து மாறாத பகுதியைத் திரும்ப எழுதாமல்தான் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. இங்கே மாறாத பகுதியே இல்லை. தரவு வேகம் குறைந்த ட்ரோனில் வயல் பச்சைக் களியாகக் கரைந்துவிடும். மினி 4 ப்ரோ வினாடிக்கு 150 மெகாபிட் வரை எழுதும், அதைக் குறைத்து வைக்காதீர்கள், மெமரி காட் விலையைப் பார்க்கவும் வேண்டாம்.

துவாரம் பற்றிய கணக்கு. வினாடிக்கு 25 சட்டத்தில் எடுத்தால் ஷட்டர், அதாவது கமரா திறந்திருக்கும் நேரம், 1/50 வினாடியில் இருந்தால்தான் அசைவு இயல்பாக இருக்கும். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100 இல் மினியின் எஃப் 1.7 நிரந்தரத் துவாரத்துக்குச் சரியான ஷட்டர் கிட்டத்தட்ட 1/9000 வரும். அதை 1/50க்குக் கொண்டுவர என்.டி. 128 அல்லது 256 கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். துவாரம் மாறும் மாவிக்கில் எஃப் 5.6 வைத்தால் என்.டி. 16 போதும், முகில் வந்தால் ட்ரோனை இறக்காமலே சரிசெய்யலாம். நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

இரவுக்கு இன்னொரு கணக்கு, இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். மாவிக் 3 ப்ரோவின் சென்சர் மினியினதைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரிது. ஆனால் அதன் துவாரம் எஃப் 2.8, மினி 1.7. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் பிடிக்கும் மொத்த ஒளி கிட்டத்தட்டச் சமம், மாவிக் 3 ப்ரோ கொஞ்சம்தான் முன்னால் நிற்கும். மாவிக் 4 ப்ரோவின் எஃப் 2 வந்த பிறகுதான் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று சொல்லலாம். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் இரவு போன்ற வெளிச்சத்துக்கு மாவிக் 3 ப்ரோ வாங்கினால் இருட்டில் படத்தில் விழும் புள்ளி இரைச்சல் போய்விடும் என்று நினைத்துக் காசு கொடுத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

திருவிழாவில் 70 மில்லிமீற்றர் நடுத்தர டெலி லென்ஸ் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது, அதற்குக் காரணம் படத்தின் அழகு மட்டும் இல்லை. இங்கே தலைக்கு மேலே இந்தச் சத்தம் கேட்டால் இன்னும் அண்ணாந்து பார்த்து உறைந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். யுத்தகாலத்தில் வேவு விமானத்தை ‘வண்டு’ என்று சொன்னோம், வண்டு சுற்றினால் பின்னால் என்ன வரும் என்று இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பக்கம் வேலைக்குப் போனால் முதலில் நாலு வீட்டுக்குப் போய், இன்ன நேரத்தில், இன்னதற்காகப் பறக்கவிடப் போகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டுத்தான் நான் பெட்டியைத் திறப்பேன். நீண்ட லென்ஸ் இருந்தால் தள்ளி நிற்கலாம், சத்தம் குறையும், சனத்தின் தலைக்கு மேலே போகவும் தேவையில்லை.

வீடியோப் பழக்கம் பரிசோதனையில் கெடுதல் செய்யும் என்பதையும் கவனியுங்கள். 1/50 ஷட்டர் வீடியோவுக்கு அழகு, பரிசோதனைக்கு விஷம், அங்கே 1/500 க்குக் கீழே இறங்கவே கூடாது. வீடியோவிலிருந்து வெட்டி எடுத்த 4கே சட்டம் 8 மெகாபிக்சல்தான், அதுவும் சுருக்கப்பட்டது, ஆகவே எப்போதும் ஃபோட்டோவாக எடுங்கள், முடிந்தால் ரோ கோப்பும் (கமரா திருத்தாத மூலப் படம்) சேர்த்து. கமராவின் உள்ளே கூர்மையாக்கும் அமைப்பைக் குறைத்து வையுங்கள், கூட்டினால் இல்லாத கோட்டை உண்டாக்கும், வெடிப்பு என்று யாரோ குறித்துக்கொள்வார்கள். டவரை வெள்ளை வானத்துக்கு எதிரே பிடித்தால் இரும்பு கறுத்துப்போகும். கொஞ்சம் மேலே ஏறிக் கீழ்நோக்கி எடுங்கள், பின்னணி காடாகவோ வயலாகவோ இருக்கட்டும்.

குளக்கட்டு அளவை, காணி வரைபடம் போன்ற வேலையும் வரும் என்றால் அது வேறு கமரா. 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு குளக்கட்டுகளை மேலிருந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே பலருக்கும் வந்தது. வரைபடத்துக்குப் பறந்துகொண்டே எடுக்க வேண்டும், மின்னணு ஷட்டர் படத்தை வரி வரியாக வாசிப்பதால் ஓட்டத்தில் படம் சரியும். மாவிக் 3 எண்டர்பிரைஸில் இயந்திர ஷட்டர் இருக்கிறது, 0.7 வினாடிக்கு ஒரு படம் எடுக்கும், ஆர்.டி.கே. என்ற ஜி.பி.எஸ். திருத்தும் கருவியைப் பூட்டினால் சென்ரிமீற்றர் அளவில் இடம் பதியும். தேர்மலில் அந்த இயந்திர ஷட்டர் இல்லை, பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மாறி வாங்கிவிடாதீர்கள். 2025 இல் வந்த மாற்றிஸ் 4 வரிசையில் டெலி 48 மெகாபிக்சலாகி, லேசர் தூரமானியும் சேர்ந்திருக்கிறது. காசு இருந்தால் அதுதான், ஆனால் முதல் வேலைக்கு அந்தக் கடன் வேண்டாம்.

மன்னாரில் தம்பபவனியில் 30 காற்றாலைகள் நிற்கின்றன, பளையிலும் நிற்கின்றன, அந்த வேலைக்கும் ஒரு நாள் போகலாம் என்று நினைப்பீர்கள். சோளகம் (தென்மேல் காற்று) அடிக்கிற மாதங்களில் அந்தக் கரையில் டெலி லென்ஸ் ஆடாமல் நிற்பதே பாடு. அங்கே கமராவைவிட ட்ரோனின் உடல் எடைதான் படத்தைக் காப்பாற்றும்.

உங்கள் நிலைமைக்கு என் முடிவு இது. மினியை விற்காதீர்கள், கலியாணவீடு அதிலேயே ஓடட்டும். நிறுவனம் கேட்பதில் சோலார் உறுதி என்றால் பாவித்த மாவிக் 3 தேர்மலை எடுங்கள், டெலியும் வெப்பமும் ஒன்றாக வரும். டவர் மட்டும்தான், சோலார் ‘பிறகு பார்க்கலாம்’ என்று இழுத்தால் மாவிக் 4 ப்ரோ, அது இரண்டு தொழிலுக்கும் உழைக்கும். பாவித்தது வாங்கும்போது வெப்பக் கமராவை ஒரே மாதிரிச் சூடான சுவருக்கு நேரே பிடித்துச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், பற்றரி எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதையும் பாருங்கள்.

249 கிராம் என்றால் அனுமதி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது வேறு நாடுகளின் கணக்கு. சிவில் விமான சேவைகள் அதிகாரசபைப் பதிவும் வேலைக்குரிய அனுமதியும் கையில் இருக்கட்டும், இராணுவ முகாம்கள் கிட்ட இருக்கிற இடத்தில் முதலே சொல்லிவிடுங்கள். கிரவல் மண்ணில் நேராக இறக்கினால் தூசு கமராவின் மோட்டாருக்குள் போகும், ஒரு துண்டுப் படங்கு விரியுங்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடிக்கு மண்டையோட்டுப் பலகை போட்டிருக்கிற காணிக்குள் ட்ரோன் விழுந்தால் அதை விட்டுவிடுங்கள், எடுக்க இறங்க வேண்டாம்.

கடைசியாக, வாங்கப் போகிற அன்றைக்கு ஒரு ஏ4 தாளில் அரை, ஒன்று, இரண்டு, மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் கறுப்புக் கோடுகள் அச்சடித்துக் கொண்டு போங்கள், பக்கத்தில் ஒரு பழைய 20 மில்லிமீற்றர் போல்ட்டையும் நட்டையும் சேர்த்துக் கட்டுங்கள். அதைச் சுவரில் தொங்கவிட்டு 5, 10, 20, 40 மீற்றரில் நின்று ஒவ்வொரு லென்ஸாலும் ஒவ்வொரு ஃபோட்டோ எடுங்கள். விற்கிறவர் ஃபோனில் காட்டினால் போதாது, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில் முழு அளவில் திறந்து பாருங்கள். எந்தத் தூரம் வரைக்கும் எந்தக் கோடு தெரிகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, அதைத்தான் நிறுவனத்தோடு விலை பேசும்போது மேசையில் வையுங்கள்.